குஜராத்தி நிறச் சொற்களைக் கற்கும் வழி: காய்கறி வண்டியிலிருந்து புடவைக் கடை வரை

குஜராத்தி கற்கத் தொடங்கும் தமிழர் பலரும் சிவப்புக்கு லால், மஞ்சளுக்கு பீளோ, கறுப்புக்கு காளோ என்று ஒரு பட்டியலை எழுதி வைத்து மனப்பாடம் செய்கிறார்கள். அந்தப் பட்டியல் ஒரு வாரம் நினைவில் நிற்கும். அகமதாபாத்தில் ஒரு காய்கறி வண்டியின் முன் நின்று வாய் திறக்கும்போதுதான் அது உதவாதது தெரியும். ஏனென்றால் அங்கே பச்சையைக் குறிக்கும் ஒரே சொல் லீலோ என்றும் லீலீ என்றும் லீலும் என்றும் மாறி மாறிக் காதில் விழும், பச்சை நிறமே இல்லாத பொருளுக்கும் அதைச் சொல்வார்கள். ஆகவே ஒவ்வொரு நிறத்தையும் அது ஒட்டியிருக்கும் ஒரு பொருளோடும் ஒரு வழக்கத்தோடும் சேர்த்தே கற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் உச்சரிப்பைச் சரிசெய்துகொள்ளுங்கள். இதில் தமிழருக்கு ஒரு கொடுப்பினை உண்டு. இந்தியில் காலா, பீலா என்று லகரத்தில் வரும் சொற்கள் குஜராத்தியில் காளோ, பீளோ என்று ளகரத்தில் வருகின்றன. வெள்ளையைக் குறிக்கும் தோளோ, வான்நீலத்தைக் குறிக்கும் வாதளீ ஆகியவற்றிலும் ளகரம்தான். இந்தி பேசுவோர் பழகிப் பெற வேண்டிய இந்த ஒலி நமக்குப் பிறவியிலேயே வாய்த்தது. பச்சையைக் குறிக்கும் லீலோவிலோ இரண்டும் லகரம் என்பதைக் கவனியுங்கள். மறுபுறம், தமிழ் எழுத்து காட்டாத ஒலிகளைக் காதால் பிடிக்க வேண்டும். தோளோவின் முதலெழுத்து தர்மத்தில் வரும் தகரம், பின்னால் வரப்போகும் பூரோவின் முதலெழுத்து பூமியில் வரும் பகரம், இளஞ்சிவப்பைக் குறிக்கும் குலாபீயின் முதலெழுத்து குருவில் வரும் ககரம். இப்படித் தெரிந்த சொல் ஒன்றைப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டால் தடுமாற்றம் இருக்காது.

அடுத்தது பால். தமிழில் உயிரற்ற பொருள்கள் அனைத்தும் அஃறிணை. குஜராத்தியிலோ அவற்றுக்கும் ஆண்பால், பெண்பால், பொதுப்பால் என்ற மூன்று உண்டு, நிறச் சொல்லின் ஈறு அதற்கேற்ப ஓ, ஈ, உம் என்று மாறும். இலக்கண விதியாகப் படித்தால் அலுப்பூட்டும் இந்தச் செய்தியை ஒரு குளிர்காலச் சந்தை எளிதாகக் கற்றுக்கொடுத்துவிடும். லீலீ ஹளதர் என்றால் பச்சை மஞ்சள், அது பெண்பால். லீலும் லசண் என்றால் தாளோடு கூடிய இளம்பூண்டு, அது பொதுப்பால். வதோதராவின் பெயர்பெற்ற தின்பண்டமான லீலோ சேவடோ ஆண்பால். பச்சை மிளகாயைப் பன்மையில் லீலாம் மர்ச்சாம் என்பார்கள். இந்த நான்கையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். பிறகு லீலோவை எடுத்துவிட்டு பீளோ, காளோ, தோளோ ஆகியவற்றை வேறு பொருள்களோடு வைத்துப் பாருங்கள். பீளீ ஸாடி, பீளும் பூல், பீளோ காகள் என்றால் முறையே மஞ்சள் புடவை, மஞ்சள் பூ, மஞ்சள் காகிதம். லால், ஸஃபேத் (வெள்ளை), குலாபீ, கேஸரீ (குங்குமப்பூ நிறம்), வாதளீ போன்றவை எந்தப் பொருளோடு வந்தாலும் மாறுவதில்லை.

லீலோவை விட்டு உடனே நகர எனக்கு மனமில்லை, ஏனென்றால் தமிழருக்கு மிக நெருக்கமான நிறச் சொல் அதுதான். வடமொழியின் நீல என்ற சொல்லே குஜராத்தியில் லீலோவாகி, நீலத்தை விட்டுப் பச்சையைக் குறிக்கலாயிற்று. நம் பச்சையைப் போலவே அதற்கும் ஈரம், புதுமை, செழிப்பு என்ற பொருள்கள் உண்டு. பச்சை மஞ்சள் என்று நாம் சொல்லும்போது எப்படி நிறக்குழப்பம் எதுவும் எழுவதில்லையோ, அப்படியே அவர்களுக்கும் லீலீ ஹளதரில் எழுவதில்லை. எனினும் ஒற்றுமை ஓர் எல்லையில் நின்றுவிடுகிறது: காய்ச்சாத பாலை நாம் பச்சைப் பால் என்போம், அவர்கள் காச்சும் தூத் என்பார்கள். சமைக்காத நிலைக்குக் காச்சும், வாடாத நிலைக்கு லீலும் என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மழை பொய்த்து வரும் பஞ்சம் ஸூகோ துகாள், அதாவது உலர்ந்த பஞ்சம். மழை அளவுக்கு மிஞ்சிப் பெய்து பயிர் அழுகினால் அதற்கு லீலோ துகாள் என்று பெயர். மக்களும் பேரமக்களுமாய்த் தழைத்த குடும்பத்தைப் பெரியவர்கள் லீலீ வாடீ, பசுந்தோட்டம், என்று வாழ்த்துவார்கள். பசிய காய்கறிக்கு லீலோத்ரீ என்ற சொல் உண்டு. சமணக் குடும்பங்கள் பலவற்றில் அட்டமி, சதுர்த்தசி போன்ற திதிகளில் லீலோத்ரீ சமைப்பதில்லை. அத்தகைய வீட்டுக்கு அன்று விருந்தாளியாகப் போனால், தட்டில் பருப்பும் தானியமும் மட்டும் இருப்பதன் காரணம் உங்களுக்கு விளங்கும்.

பூரோ என்ற சொல்லில் எனக்கே ஒரு சறுக்கல் நேர்ந்தது. இந்தியை முன்பே படித்திருந்த நான், ஒரு துணிக்கடையில் பழுப்புச் சட்டைத் துணி வேண்டும் என்று நினைத்துக்கொண்டு பூரோ என்று கேட்டேன். கடைக்காரர் மேசைமேல் உருட்டி விரித்தவை அத்தனையும் நீலம். இந்தியில் பூரா பழுப்பு. குஜராத்தியில் பூரோ நீலம். பழுப்புக்குக் கத்தாயீ என்று கேட்டிருக்க வேண்டும். வெற்றிலையோடு சேர்க்கும் காசுக்கட்டிக்குக் காத்தோ என்று பெயர், அதன் நிறமே கத்தாயீ. இந்தி அறிந்தவர்கள் இந்த ஒரு சொல்லை மட்டும் சிவப்பு மையால் எழுதி வைக்கலாம்.

இப்படிப் பொருளிலிருந்து பிறந்த நிறப்பெயர்களே அந்த மொழியில் மிகுதி என்பதால், பொருளைக் கண்முன் நிறுத்தினால் போதும். வாதள் என்ற மேகத்திலிருந்து வாதளீ, ஜாம்பு என்ற நாவற்பழத்திலிருந்து ஜாம்பலீ என்ற ஊதா, ராக் என்ற சாம்பலிலிருந்து ராகோடீ, போபட் என்ற கிளியிலிருந்து நம் கிளிப்பச்சைக்கு நிகரான போபடீ. குலாபீ ரோஜாவிலிருந்து வந்தது. உடம்பை வருத்தாத இளங்குளிருக்கு குலாபீ டண்டீ என்று சொல்வார்கள்; தீபாவளி கழிந்த நாட்களில் இந்தத் தொடரை அடிக்கடி கேட்கலாம். பட்டம் விடும் திருநாளான உத்தராயணத்துக்கு முன் அகமதாபாத் தெருவோரங்களில் பட்டத்து நூலுக்குச் சாயமேற்றிக் காயவைத்திருப்பதும் பெரும்பாலும் குலாபீதான்.

சடங்கில் நிறங்கள் எங்கே நிற்கின்றன என்பதைத் திருமணத்தைப் பார்த்துக் கற்பது நல்லது. குங்குமத்துக்குக் கங்கு என்று பெயர். அதைத் தெளித்து அனுப்பும் அழைப்பிதழ் கங்கோத்ரீ. திருமணத்துக்கு முன் மணமக்களுக்கு மஞ்சள் பூசும் சடங்கு பீடீ. மணமகள் உடுத்தும் பானேதர் என்ற புடவை வெள்ளைப் பட்டில் சிவப்புக் கரை கொண்டது, அதைத் தாய்மாமன் வீட்டார் தருவது மரபு. தாய்மாமன் சீர் அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மாப்பிள்ளை வீட்டார் தரும் கர்ச்சோளும் என்ற புடவை பெரும்பாலும் சிவப்பு, சில வீடுகளில் பச்சை. ஜரிகைக் கட்டங்களுக்குள் முடிச்சுச் சாயப் புள்ளிகள் இருக்கும்.

அப்படியானால் வெள்ளை மங்கலமா என்று கேட்கத் தோன்றும். இறந்தவருக்காக உறவினர் கூடும் பேஸணும் நிகழ்ச்சிக்கும் வெள்ளை உடுத்தியே செல்வார்கள். சுவேதாம்பர சமணத் துறவிகளின் ஆடையும் வெள்ளையே. கரையில் சிவப்பு இருக்கிறதா இல்லையா என்பதே பானேதரை மற்ற வெள்ளைகளிலிருந்து பிரிக்கிறது. சொல்லளவிலும் ஒரு வேறுபாடு உண்டு. துணிக்கு ஸஃபேத் என்பது வழக்கம். நரைமுடிக்கு தோளா வாள் என்பதே இயல்பு. நாம் பட்டப்பகலில் என்பதை அவர்கள் தோளே திவஸே, வெள்ளைப் பகலில், என்பார்கள்.

காளோவுக்கு வருவோம். குழந்தைக்கு வைக்கும் திருஷ்டிப் பொட்டு அங்கே காளும் டப்கும். நாம் தீபாவளி கொண்டாடும் நரக சதுர்த்தசி அவர்களுக்குக் காளீ சௌதஸ்; அன்று வடை சுட்டு நாற்சந்தியில் வைத்து, வீட்டிலுள்ள சண்டை சச்சரவை வெளியேற்றுவதாகக் கருதும் பெண்கள் இன்றும் உண்டு. பருப்பில் ஏதோ கறுப்பு என்ற பொருளில் தாள்மாம் கம்ஈக் காளும் என்றால், விஷயத்தில் ஏதோ தில்லுமுல்லு இருக்கிறது என்று அர்த்தம். இவற்றை வைத்துக் கறுப்பு என்றாலே அமங்கலம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கட்ச் பகுதியில் மேய்ச்சல் சமூகமான ரபாரிப் பெண்கள் கறுப்புக் கம்பளி முக்காட்டைப் பெருமையோடு அணிகிறார்கள். கோபத்தில் கொதிப்பவரைச் சொல்லும் லால்பீளா, ஒரு செப்புக்காசுகூட இல்லை என்பதைச் சொல்லும் ராதீ பாயீ போன்ற தொடர்களைப் பேச்சில் கேட்கும்போதே குறித்துக்கொண்டால் போதும். ராதும் என்பது சிவப்புக்கான பழைய சொல்.

கற்றதைச் சோதித்துப் பார்க்கப் புடவைக் கடையைவிடச் சிறந்த இடம் இல்லை. அடர்நிறம் கேரோ, வெளிர்நிறம் ஆச்சோ. இவையும் பாலுக்கேற்ப மாறும், ஆகவே வெளிர்மஞ்சள் புடவை ஆச்சீ பீளீ ஸாடி. ஆனாதீ ஆச்சோ ரங் பதாவோ என்று கேட்டால் இதைவிட வெளிர்ந்த நிறத்தைக் காட்டுவார்கள். சாயம் போகாத நிறம் பாக்கோ ரங், போவது காச்சோ ரங். பாட்டண் நகரில் ஊடும் பாவும் நெய்வதற்கு முன்பே சாயமேற்றி நெய்யும் பட்டோளாப் பட்டைப் பற்றி, படீ படோளே பாத், ஃபாடே பண் ஃபீடே நஹீ என்று ஒரு பழமொழி உண்டு: பட்டோளாவில் விழுந்த கோலம் கிழிந்தாலும் கிழியுமே தவிர வெளுக்காது.

முடிச்சுச் சாயத் துணியான பாந்தணீ வாங்கினால் முடிச்சு நூலை அவிழ்க்காத துணியையே கேளுங்கள். கடைக்காரரும் உதவியாளும் இரு முனைகளைப் பிடித்துக் குறுக்கே வெடுக்கென்று இழுப்பார்கள். நூல்கள் படபடவென்று தெறித்து விழ, லால் துணியில் பீளாம் புள்ளிகளும் தோளாம் புள்ளிகளும் வரிசை வரிசையாகத் திறந்துகொள்ளும். அவற்றை விரலால் தொட்டு, ஆ கயோ ரங் ச்சே, இது என்ன நிறம், என்று அவரிடமே கேளுங்கள்.