சரியாக 1000 வரி வந்தால் சந்தேகப்படுங்கள்: தத்தெடுப்புத் தரவைப் பைத்தானில் எடுக்கும் வழி

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஆஸ்டின் நகர விலங்குக் காப்பகம் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. அங்கிருந்து வெளியே போன நாய், பூனை ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதி, 2013 அக்டோபர் முதலான பதிவுகளை நகரத்தின் திறந்த தரவுத் தளத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒன்றரை லட்சம் வரிகளுக்கும் மேல். தரவைக் கையாளப் பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல மைதானம் கிடைப்பது கஷ்டம்.

பைத்தான் நிரல் மொழியை நிறுவியிருந்தால் போதும். (நிரல் வரிகளில் வரும் ஆங்கிலச் சொற்களை உச்சரிப்பிலேயே எழுதுகிறேன், நீங்கள் தட்டும்போது அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.) முதலில் டெர்மினலில்:

பிப் இன்ஸ்டால் சோடாபை பாண்டாஸ்

ஆஸ்டின் தளம் ஓடுவது சோக்ரட்டா என்ற மென்பொருளில். அதனிடம் பேசத் தெரிந்த லைப்ரரி, அதாவது ஆயத்த நிரல் தொகுப்புதான் சோடாபை. பாண்டாஸ், வந்த தரவை அட்டவணையாக வைத்துக் கையாளும் லைப்ரரி. சோடாபையின் பராமரிப்பு 2022-இலேயே நின்றுவிட்டது. புதிதாகப் பெரிய வேலை தொடங்குகிறவர்களுக்கு இதைச் சொல்ல மாட்டேன். கற்றுக்கொள்ளத் தாராளமாகப் போதும்.

அடுத்து, தளத்தில் காப்பகத்தின் ‘அவுட்கம்ஸ்’ (வெளியேற்றங்கள்) தொகுப்பைத் தேடித் திறங்கள். முகவரியின் கடைசிப் பகுதியில் எழுத்தும் எண்ணும் கலந்து நான்கு குறி, ஒரு சிறுகோடு, மறுபடி நான்கு குறி என்று ஒரு துண்டு இருக்கும். அதுதான் தொகுப்பின் அடையாளம். கையால் தட்டாமல் அப்படியே நகலெடுத்து, மேற்கோள் குறிக்குள் ‘அடையாளம்’ என்ற மாறியில் வையுங்கள்.

சோடாபையிலிருந்து சோக்ரட்டா என்பதை இம்போர்ட் செய்த பிறகு இரண்டே வரி:

தளம் = சோக்ரட்டா("டேட்டா.ஆஸ்டின்டெக்சாஸ்.காவ்", நன்)
பதில் = தளம்.கெட்(அடையாளம், லிமிட்=5)

மாறிகளுக்குத் தமிழ்ப் பெயர் வைத்திருப்பது விளையாட்டில்லை, பைத்தான் 3 அதை ஏற்றுக்கொள்ளும். ‘நன்’ (எதுவும் இல்லை) இருக்கும் இடம் டோக்கனுக்கானது, அதாவது கேட்பது யார் என்று தளத்துக்குச் சொல்லும் குறியீட்டுக்கானது. டோக்கன் இல்லாவிட்டால் வேகத்துக்குக் கட்டுப்பாடு உண்டு என்று ஓர் எச்சரிக்கை வரும். பிழை என்று பயப்பட வேண்டாம், வேலை நடக்கும்.

இப்போது பதிலில் முதல் வரியை மட்டும் அச்சிட்டு நிதானமாகப் படியுங்கள். ‘அனிமல்_ஐடி’ என்பதில் ஏ எழுத்தில் தொடங்கும் ஓர் எண், அப்புறம் பெயர், தேதி, இனம், நிறம், ‘அவுட்கம்_டைப்’. கடைசியாகச் சொன்னதில்தான் கதை இருக்கிறது: அடாப்ஷன் என்றால் தத்தெடுக்கப்பட்டது, டிரான்ஸ்ஃபர் என்றால் வேறு அமைப்புக்கு மாற்றப்பட்டது, ரிட்டர்ன் டு ஓனர் என்றால் பழைய வீட்டுக்கே திரும்பியது. சில பெயர்களுக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். பெயரில்லாமல் வந்த பிராணிக்குக் காப்பகத்தார் வைத்த பெயர் அது.

சரி, முழுத் தரவும் வேண்டுமே? இங்கேதான் நான் வழுக்கினேன். லிமிட்டை எடுத்துவிட்டால் எல்லாம் வரும் என்று நினைத்து, வந்ததை வைத்து மாதவாரியாக வரைபடமும் போட்டுவிட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மறுநாள்தான் வரிகளை எண்ணிப் பார்த்தேன்: 1000. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. லிமிட் சொல்லாவிட்டால் தளம் 1000 வரியோடு நிறுத்திக்கொள்ளும். மிச்சம் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லாது. முழுவதும் வேண்டுமானால் ‘கெட்’டுக்குப் பதில் ‘கெட்_ஆல்’ பயன்படுத்துங்கள். அது ஒவ்வொரு வரியாகத் தருவதால், லிஸ்ட் என்பதற்குள் போட்டு மொத்தமாக வாங்கி, பாண்டாஸின் ‘டேட்டாஃப்ரேம்’ என்ற அட்டவணையாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

வெறும் எண்ணிக்கைதான் தேவை என்றால் அவ்வளவையும் இறக்க வேண்டியதே இல்லை. எண்ணும் வேலையைத் தளத்திடமே தள்ளிவிடலாம்:

பதில் = தளம்.கெட்(அடையாளம், செலக்ட்="அவுட்கம்_டைப், கவுண்ட்(*) ஆஸ் மொத்தம்", குரூப்="அவுட்கம்_டைப்")

இதில் ‘மொத்தம்’ என்பதை மட்டும் ஆங்கில எழுத்தில் வையுங்கள். அது பைத்தான் மாறியல்ல, தளத்துக்குப் போகும் கேள்வியின் பகுதி. வரும் எண்கள் உண்மையில் எண்கள் அல்ல, மேற்கோள் குறிக்குள் இருக்கும் எழுத்துகள். அப்படியே வரிசைப்படுத்தினால் 1000-க்குப் பிறகு 9 வந்து நிற்கும். ‘இன்ட்’ போட்டு மாற்றிய பிறகு வரிசைப்படுத்துங்கள்.

வயது இன்னும் சேட்டை. ‘2 இயர்ஸ்’, ‘3 வீக்ஸ்’ என்று வாக்கியம் போல எழுதியிருக்கிறார்கள். அதைப் பிரித்துக் கணக்குப் போட முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள். பிறந்த தேதி தனியாகவே இருக்கிறது. இரண்டு தேதிகளையும் பாண்டாஸின் ‘டு_டேட்டைம்’ கொண்டு மாற்றிக் கழித்தால் நாட்களாக வயது கிடைத்துவிடும். பிறந்த தேதி பல நேரங்களில் காப்பகத்தாரின் மதிப்பீடுதான் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

இன்னொன்று. ஒரு வரி என்பது ஒரு பிராணி அல்ல, ஒரு வெளியேற்றம். தத்துப் போன நாய் சில மாதத்தில் திரும்பி வந்து மறுபடி வேறு வீட்டுக்குப் போனால், அதே ‘அனிமல்_ஐடி’யில் இரண்டு வரி இருக்கும். எத்தனை தத்தெடுப்புகள் என்றால் அடாப்ஷன் வரிகளை எண்ணலாம். எத்தனை பிராணிகள் என்றால் ‘அனிமல்_ஐடி’யை வைத்து ‘டிராப்_டூப்ளிகேட்ஸ்’ போட்ட பிறகு எண்ணுங்கள்.

முழுத் தொகுப்பையும் ஒருமுறை இறக்கியதும் ‘டு_சிஎஸ்வி’ மூலம் கோப்பாகச் சேமித்துவிடுங்கள். அடுத்தடுத்த சோதனைகளை அந்தக் கோப்பிலேயே ஓட்டலாம். வரைபடத்தின் நிறம் மாற்றுவதற்கெல்லாம் ஆஸ்டின் வரை போய் வர வேண்டாம்.