பிரஷர் உள்ள வீட்டில் உப்பைக் குறைப்பது எப்படி

உப்பு கூடினால் சிறுநீரகம் தன் ரெனின் என்ற சுரப்பைக் குறைக்கும். அதனால், சோடியத்தைத் தேக்கிப் பொட்டாசியத்தை வெளியேற்றும் ஹார்மோனான அல்டோஸ்டிரோனும் இறங்க, உப்பிலுள்ள மிகுதிச் சோடியம் சிறுநீரில் போய்விடும். சிலருக்கு இந்த இறக்கம் போதாது. உப்போடு நீரும் உடம்பில் தங்க, பிரஷர் ஏறும்.

ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமுக்குள் போதும். நான்கு பெரியவர்கள் உள்ள லயத்து வீட்டில் 400 கிராம் பக்கெட் 20 நாளைக்கு முன்பே முடிந்தால் அளவு மீறிவிட்டது. கருவாடு சமைக்கும் வீட்டில் அது இன்னும் நாள் வர வேண்டும்.

கருவாட்டைச் சுடுநீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி ஊறவையுங்கள். குழம்பு கொதித்த பிறகே ருசி பார்த்து உப்பிடுங்கள். ரொட்டி மாவில் வாரா வாரம் கொஞ்சம் குறையுங்கள். சம்பலில் தேசிக்காயைக் கூட்டுங்கள்.

பிரஷருக்கு லொசார்டன், எனலாப்ரில் மருந்து குடிப்பவர்கள் கிளினிக்கில் கேட்காமல் பொட்டாசியம் கலந்த உப்பு வாங்க வேண்டாம். அந்த மருந்துகள் அல்டோஸ்டிரோனை அடக்குவதால் பொட்டாசியம் வெளியேறாமல் தேங்கி, இதயத் துடிப்பையே குலைத்துவிடலாம்.