பற்றை வெட்டும்போது துவக்கோ ரவையோ தட்டுப்பட்டால்

திருகோணமலை மாவட்டத்தில் சம்பூர், ஈச்சிலம்பற்று, திரியாய், தென்னமரவாடிப் பக்கம் போர்க்காலத்தில் இருந்து பல ஆண்டு கைவிட்டுக் கிடந்த காணியைத் துப்புரவாக்குகிறவர்கள் பழைய துவக்கு, மகசின், ரவை எதுவும் கண்ணில் படலாம் என்று எண்ணியே அலவாங்கைக் கையில் எடுக்க வேண்டும். மாரி மழை மேல்மண்ணை அரித்துக்கொண்டு போனபின் தை, மாசியில் இன்னும் கவனம் வேண்டும். கண்டதைத் தூக்கிப் பார்க்கக் கூடாது. ஏன் என்பது அந்தத் துவக்கின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் விளங்கும்.

இங்கே அதிகம் பேசப்படும் ரி-56, சோவியத் ஏகே-47 ஐப் பின்பற்றிச் சீனா செய்த துவக்கு. நீளம் மூன்றடிக்குச் சற்றுக் குறைவு, எடை ஏறத்தாழ 4 கிலோ. மகசின் வாழைப்பழம் போல வளைந்திருக்கும், 30 ரவை கொள்ளும். ரவையின் கோது அடியில் பருத்து நுனிக்குச் சற்று ஒடுங்குவதால், அடுக்கும்போது வரிசை தானாகவே வளையும். அதனால்தான் மகசினுக்கும் அந்த வளைவு. குழல் நுனியில் உள்ள குறிமுள்ளைச் சுற்றி மூடிய வளையம் இருக்கும். பல துவக்குகளில் குழலுக்கு அடியில் மடித்து வைத்த ஊசிக் கத்தியும் உண்டு. ஆனால் மரப்பிடியைக் கறையான் தின்றிருந்தால் இவை ஒன்றும் எடுப்பாகத் தெரியாது. மண் அப்பிய இரும்புக் குழாய்த் துண்டு போலத்தான் கிடக்கும். பழைய இரும்புக்குப் போடலாம் என்று ஆட்கள் இழுத்தெடுப்பது இந்த நிலையில்தான்.

சுடும்போது உள்ளே நடப்பது இது. குண்டு குழலைக் கடக்கையில், குழலில் உள்ள சிறு துளை வழியாகக் கொஞ்ச வாயு மேல் குழாய்க்குள் ஏறி ஒரு தண்டைப் பின்னுக்குத் தள்ளும். அந்தத் தள்ளலில் வெற்றுக் கோது வெளியே பறக்கும். பின்னால் போன பாகத்தைச் சுருள்வில் திரும்ப முன்னே தள்ளும்போது, அது மகசினில் இருந்து அடுத்த ரவையை உருவி, குழலின் பின்வாயில் ஏற்றிப் பூட்டும். ஒரு வெடி தீர்ந்த கணமே அடுத்த ரவை தயார்.

ஆகவே மகசின் இல்லாமல் கிடக்கும் துவக்கைக் கண்டு "இது வெறும் துவக்கு" என்று முடிவு செய்யக் கூடாது. மகசினைக் கழற்றினாலும் பின்வாயில் ஏறிய ஒரு ரவை அங்கேயே இருக்கும். அமெரிக்கத் துவக்கான எம்-16 இல் கடைசி ரவை தீர்ந்ததும் பின்வாய் திறந்தபடி நிற்கும். ரி-56 இல் அப்படி நிற்காது. ரவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மூடியே கிடக்கும், வெளியே பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது.

துருவையும் நம்ப வேண்டாம். குழலின் உட்புறம் குரோமியம் பூசியது. வெளியே செதில் செதிலாக உதிர்ந்தாலும் உள்ளே பழுதில்லாமல் இருக்கலாம். ரவையின் அடியைக் குத்தி வெடிக்க வைக்கும் சுடும் ஊசி துருவில் முன்னோக்கி இறுகியிருந்தால், பின்வாய்ப் பாகத்தை இழுத்துவிட்ட வேகத்திலேயே ரவை வெடிக்கக் கூடும். அந்த ஊசியை அடிக்கும் சுத்தியல் வில்லேறிய நிலையில் துருப்பிடித்திருந்தால், அதைப் பிடித்து நிற்கும் பல் ஒரு தட்டலில் வழுகலாம். கிறீஸ் பூசி, பொலித்தீனில் சுற்றிப் புதைத்த துவக்கென்றால் பழுதே இல்லாமலும் இருக்கலாம்.

ரவையும் அப்படித்தான். இராணுவ ரவையில் அடிமூடியும் கழுத்தும் நீர் புகாதபடி அரக்குப் பூசி அடைத்திருக்கும்; கிணற்றுக்குள் கிடந்தது என்பதால் செத்துப்போனது என்று அர்த்தமில்லை. நிறத்தை வைத்தும் தீர்ப்புச் சொல்லாதீர்கள்: 7.62×39 மி.மீ. ரவையில் பச்சை நுனி பொதுவாக ஒளிகாட்டும் ரவையைக் குறிக்கும், எம்-16 இன் 5.56 மி.மீ. ரவையில் அதே பச்சை உருக்கு முனை கொண்ட சாதாரண ரவையைக் குறிக்கும்.

அதிகம் நடக்கும் பிழை, வெட்டிய பற்றையைக் கும்பமாக்கி அங்கேயே நெருப்பு வைப்பது. வெறுமனே கிடக்கும் ரவை சூட்டில் வெடித்தால் குண்டு பலமாகப் பாயாது, கிழிந்த கோதின் துண்டுதான் பறந்து கண்ணைக் கெடுக்கும். துவக்கின் பின்வாயில் ஏறிய ரவை அப்படியல்ல. சூடேறினால் விசையை அழுத்திச் சுட்டது போலவே குழல் வழியே பாயும். புதிதாக வெட்டிய காணியில் நிலம் முழுவதையும் பார்க்கும் முன் நெருப்பு வைக்க வேண்டாம்.

துவக்கோ ரவையோ கண்டால் வேலையை அந்தக் கணமே நிறுத்துங்கள். இழுக்கவோ, புரட்டவோ, மண் தட்டவோ வேண்டாம். பனங்குற்றியும் மண்மூட்டையும் தென்பட்டால் அது பழைய பங்கர். சுற்றிவரக் கைக்குண்டோ மிதிவெடியோ இருக்கலாம். வந்த அடிச்சுவட்டிலேயே கால் வைத்துத் திரும்புங்கள். அடையாளத்துக்குத் தடி நடக் கூடாது, நிலத்தில் எதையும் குத்தவே கூடாது. வரும் வழியில் உள்ள மரக்கிளையில் சிவப்புத் துணி கட்டினால் போதும். பெக்கோ ஓடிக்கொண்டிருந்தால் வாளியை நகர்த்தாமல் எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள். வாளிக்குள் விழுந்துவிட்டது என்றால் கொட்டாமல் அப்படியே விட்டு ஆட்களை இறக்குங்கள். கிணறு இறைக்கும்போது என்றால் உள்ளே நிற்பவர் முதலில் மேலே ஏறட்டும், வாளியில் எதையும் அனுப்ப வேண்டாம்.

100 மீற்றராவது தள்ளிப் போனபின் 119 க்கு அழையுங்கள், கிராம உத்தியோகத்தருக்கும் சொல்லுங்கள். கண்ட நேரம், காணியின் இடம், துவக்கா ரவையா, மகசின் பொருந்தியிருக்கிறதா, யாராவது தொட்டார்களா என்பதைச் சொன்னால் போதும். தொட்டிருந்தால் மறைக்காதீர்கள், வரப்போகிறவர்களின் உயிர் அதில் இருக்கிறது. அனுமதியில்லாமல் துவக்கோ ரவையோ வைத்திருப்பது குற்றம் என்பதால், ஒரு ரவையைக்கூட நினைவுக்கென்று வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள், வாசித்துப் பார்த்தபின் கையெழுத்து வையுங்கள். துவக்கை எடுத்துப் போனபிறகு, சுற்றியுள்ள நிலத்தையும் சோதித்துத் தரும்படி கேட்டு, அது முடியும் வரை அந்தப் பக்கம் மண்வெட்டி வைக்காதீர்கள்.