ஸ்பிரேயருக்கு எட்டு செல்: எதை சீரிஸில் போடுவது, எதை பேரலலில் போடுவது

மல்லிகைக்கு மொட்டுப்புழு மருந்தடிக்கும் 16 லிட்டர் முதுகு ஸ்பிரேயரில் பெரும்பாலும் இருப்பது 12 வோல்ட், 8 ஏஹெச் (ஆம்பியர் ஹவர், பேட்டரியின் கொள்ளளவு) லெட் ஆசிட் பேட்டரி. அடியோடு தீரும்வரை ஓட்டிவிட்டு, சார்ஜ் போடாமல் பத்து நாள் கொட்டகையில் கிடத்தினால் பிளேட்டில் சல்பேட் படிந்து படுத்துவிடும். அந்தப் பேட்டரி இருந்த குழியிலேயே 32650 (32 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள உருளை) லித்தியம் பாஸ்பேட் செல் எட்டைக் கட்டி வைத்தால் எடையும் குறையும், ஓடும் நேரமும் கூடும். ஆனால் எட்டு செல்லையும் எந்த வரிசையில் கோப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒரு செல் 3.2 வோல்ட், 6 ஏஹெச் என்று வைத்துக்கொள்வோம். பிளஸ்ஸோடு மைனஸ் சேர்த்துப் போனால் அது சீரிஸ்: வோல்ட் கூடும், ஏஹெச் கூடாது. பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்ந்தால் பேரலல்: ஏஹெச் கூடும், வோல்ட் அப்படியே நிற்கும். எட்டையும் சீரிஸில் போட்டால் 25.6 வோல்ட், 6 ஏஹெச். பம்பு மோட்டார் கருகிவிடும். எட்டையும் பேரலலில் போட்டால் 3.2 வோல்ட், 48 ஏஹெச், மோட்டார் அசையாது. இரண்டிரண்டாக பேரலலில் கட்டி, அந்த நான்கு ஜோடியை சீரிஸில் கோத்தால் 12.8 வோல்ட், 12 ஏஹெச். மூன்று விதத்திலும் உள்ளே இருக்கும் சக்தி ஒன்றுதான், 153.6 வாட் ஹவர். கோர்வையை மாற்றினால் அதிகச் சக்தி கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பழைய லேப்டாப்பில் உருவிய 18650 செல்லை (வேறு லித்தியம் வகை, முழு சார்ஜில் 4.2 வோல்ட்) இதற்குப் போடாதீர்கள். மூன்று சீரிஸில் போட்டால் முழு சார்ஜில் 12.6 வோல்ட், தீரும் நேரத்தில் 9-க்கு இறங்கி, தெளிப்பு சொட்டுச் சொட்டாகிவிடும். நான்கு போட்டால் 16.8, மோட்டாருக்கு அதிகம். சூடேறினால் தீப்பிடிப்பதும் அந்த வகைதான் சீக்கிரம்.

செல்லைச் சமப்படுத்துவது

அவசரத்தில் பலரும் தாண்டிப் போகும் வேலை இது. பேரலலில் சேர்க்கிற இரண்டு செல், அடியில் குழாய் போட்டு இணைத்த இரண்டு தொட்டி மாதிரி. மட்டம் ஒன்றாகும்வரை ஒன்றிலிருந்து மற்றதற்குப் பாயும். ஒன்று 3.4 வோல்ட், இன்னொன்று 2.8 வோல்ட் என்றால் வித்தியாசம் 0.6. செல் ஒவ்வொன்றின் உள்தடையும் 10 மில்லி ஓம் என்றால், தொட்ட கணத்தில் 30 ஆம்ப் ஓடும். நிக்கல் பட்டை சிவக்க அது போதும்.

மீட்டரில் எட்டும் 3.28 காட்டுகிறது, சமம்தானே என்று விட முடியாது. பாஸ்பேட் செல்லின் வோல்ட், கால்வாசி சார்ஜிலிருந்து முக்கால்வாசி வரை ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். 3.28 காட்டும் இரண்டில் ஒன்று பாதி காலியாகக்கூட இருக்கலாம். அதனால் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக 3.65 வோல்ட் வரை முழுசாக ஏற்றி, ஒரு நாள் சும்மா வைத்துவிட்டு அளக்க வேண்டும். 3.33-லிருந்து 3.4-க்குள் எல்லாம் அருகருகே நிற்கும். ஒன்று மட்டும் தனியாக இறங்கியிருந்தால் அது உள்ளேயே கசிகிற செல், ஒதுக்கிவிடுங்கள். மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் வாங்கும்போதே எட்டுக்குப் பத்தாக, ஒரே பிராண்டில் வாங்குவது இதற்காகத்தான். சோலார் தெருவிளக்கில் கழற்றிய பழைய செல்லைப் புதிதோடு கலக்கவே கூடாது.

கட்டும் முறை

கையில் மோதிரம், காப்பு இருந்தால் கழற்றி வையுங்கள். செல்லின் உடம்பு முழுக்க மைனஸ். பிளஸ் குமிழைச் சுற்றியுள்ள தோள்கூட மைனஸ்தான். மெல்லிய பிளாஸ்டிக் உறை கிழிந்து பட்டை அங்கே பட்டால் நேரடி ஷார்ட். ஆகவே ஒவ்வொரு பிளஸ் முனையிலும் ஃபிஷ் பேப்பர் (மின்சாரம் கடத்தாத தடித்த தாள்) வளையம் ஒட்டுங்கள். ஜோடிக்கும் ஜோடிக்கும் நடுவிலும் ஒரு துண்டு வையுங்கள்.

நீளவாக்கில் நான்கு ஜோடி, அகலத்தில் இரண்டு செல். முதல் ஜோடி பிளஸ் மேலே, இரண்டாவது மைனஸ் மேலே, மூன்றாவது பிளஸ், நான்காவது மைனஸ். ஹோல்டர் இல்லாமல் ஒட்டி நிறுத்தினால் 128-க்கு 64 மில்லிமீட்டர் வரும். வழக்கமான 7, 8 ஏஹெச் பேட்டரியின் அடிப்பரப்பு 151-க்கு 65; மீதியுள்ள நீளத்தில் பிஎம்எஸ் போர்டு (செல்களைக் கண்காணித்துக் காக்கும் போர்டு) உட்காரும். ஹோல்டர் போட்டால் அகலம் 65-ஐத் தாண்டும், முதலில் குழியை அளந்துகொள்ளுங்கள்.

பட்டை 0.15-க்கு 8 மில்லிமீட்டர் சுத்த நிக்கல், ஸ்பாட் வெல்டிங்கில். செல்லின் மேல் நேராக சால்டர் வைத்தால் அந்தச் சூடு உள்ளே இருக்கும் சீலைக் கெடுக்கும். நிக்கல் பூசிய இரும்புப் பட்டையும் கடையில் கிடைக்கும்; காந்தம் இரண்டையும்தான் இழுக்கும், அதை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. அரத்தால் கீறி உப்புத் தண்ணீரில் ஒரு நாள் போட்டால் இரும்பு துருவைக் காட்டிவிடும்.

முதலில் ஜோடிகளை பேரலலில் சேருங்கள், அதற்குப் பிறகே சீரிஸ். மேல்பக்கம் முதல் ஜோடிக்கும் இரண்டாவதுக்கும் ஒரு கட்டு, மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் ஒரு கட்டு. அடிப்பக்கம் நடு இரண்டு ஜோடிக்கும் ஒரே கட்டு. அடியில் தனியாக நிற்கும் முதல் ஜோடி பேக்கின் மைனஸ், கடைசி ஜோடி பிளஸ். பிளஸ்ஸை ஒட்டியே 10 ஆம்ப் ஃப்யூஸ், வயர் 1.5 ஸ்கொயர்.

பிஎம்எஸ்

நான்கு செல் பாஸ்பேட்டுக்கான 20 ஆம்ப் போர்டு என்று கேட்டு வாங்குங்கள். மற்ற லித்தியம் வகைக்கான போர்டு ஒரு செல்லை 4.2-க்கு மேல் ஏறவிடும். பாஸ்பேட் செல் அதில் உப்பிக் கெடும். பேட்டரி பக்க மைனஸை முதலில் சால்டர் செய்து, பிறகு மெல்லிய சென்ஸ் வயர்களை (ஒவ்வொரு ஜோடியின் வோல்ட்டையும் போர்டுக்குக் காட்டுபவை) வரிசையாகப் பிடியுங்கள். கனெக்டரைச் சொருகும் முன் பேக் மைனஸிலிருந்து ஒவ்வொரு முனையையும் அளந்தால் ஏறக்குறைய 3.3, 6.6, 9.9, 13.2 என்று படிப்படியாக ஏற வேண்டும். ஏதாவது ஒன்று முன்பின்னாக இருக்கும்போது சொருகினால் போர்டு போய்விடும். எல்லாம் சரியாக இருந்தும் வெளியே வோல்ட் வரவில்லையென்றால், சார்ஜரை ஒரு நொடி கொடுங்கள். பல போர்டுகள் அப்போதுதான் விழிக்கும்.

சார்ஜர் 14.6 வோல்ட், 3 ஆம்ப் பாஸ்பேட் சார்ஜர். நாலரை மணி நேரத்துக்குள் நிறையும். மெஷினோடு வந்த லெட் ஆசிட் சார்ஜரை எடுத்து வைத்துவிடுங்கள். சித்திரை வெயிலில் வரப்பில் கிடந்த ஸ்பிரேயரை அப்படியே சார்ஜில் போடக் கூடாது; 45 டிகிரிக்கு மேல் சூடான செல் சார்ஜ் ஏற்கத் தகாது. நிழலில் ஒரு மணி நேரம் ஆறட்டும்.

பாதி நேரத்திலேயே நின்றால்

தெளித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று நின்றதும், சார்ஜில் போடாமல் நான்கு ஜோடியையும் தனித்தனியாக அளங்கள். மூன்று 3.2 காட்டி ஒன்று 2.7 காட்டினால் அதுதான் குற்றவாளி. பெரும்பாலும் அந்த ஜோடியில் ஒரு வெல்டிங் விட்டிருக்கும். 12 ஏஹெச் ஜோடி 6 ஏஹெச்சாகி, பேக் முழுவதையும் அது இழுத்து நிறுத்துகிறது. பிஎம்எஸ் ஜோடியின் வோல்ட்டை மட்டும்தான் பார்க்கும், உள்ளே ஒரு செல் கழன்றது அதற்குத் தெரியாது. வெல்டிங் நன்றாக இருந்தால் அந்த ஜோடி சார்ஜில் பின்தங்கியிருக்கிறது என்று பொருள். சின்ன போர்டுகளின் பேலன்ஸ் கரன்ட் (ஜோடிகளைச் சமப்படுத்தும் கரன்ட்) 50 மில்லி ஆம்ப் அளவில்தான் இருக்கும். 1 ஏஹெச் வித்தியாசத்தைச் சரிக்கட்ட 20 மணி நேரம் ஆகும். அந்த ஜோடியை மட்டும் தனியாக 3.65 வரை ஏற்றிவிட்டு, மறுபடி முழு பேக்கையும் சார்ஜ் போடுங்கள். அடுத்த முறையும் அதே ஜோடி முதலில் விழுந்தால் இரண்டு செல்லையும் சேர்த்து மாற்றுங்கள்.