கிரேன் முதலில் பறவை: பல பொருள் தரும் ஆங்கிலச் சொல்லைப் படிக்கும் வழி

‘He craned his neck’ என்ற ஆங்கில வரியை ‘அவன் தன் கழுத்தைப் பாரந்தூக்கியால் தூக்கினான்’ என்று என் பேத்தி வீட்டுப்பாடத்தில் மொழிபெயர்த்திருந்தாள். துறைமுகத்தில் 31 ஆண்டுகள் கிரேன் இயக்கியவன் நான். ஒருவர் கழுத்தையும் தூக்கியதில்லை. ராயபுரத்து வீட்டுத் திண்ணையில் அன்று அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அகராதியில் 1, 2, 3 என்று அடுக்கியிருப்பதை உருப்போடாதீர்கள். அவற்றில் எது மூத்த பொருள் என்று தேடுங்கள். பெரும்பாலும் கண்ணால் பார்க்க முடிகிற ஒன்றாகவே அது இருக்கும். கிரேனில் மூத்தது பறவை. எண்ணூர்க் கழிமுகத்தில் நிற்கும் வெள்ளைக் கொக்கு வேறு இனம்தான். ஆனாலும் நீண்ட காலும் நீண்ட கழுத்தும் மனத்தில் பதிய அது போதும்.

இனி அந்தக் கழுத்தை மற்றப் பொருள்களில் தேடுங்கள். சரக்குக்காக நீளும் இயந்திரத்தின் கை அதுதான். கூழ் ஊற்றும் திருவிழாவில் முன்வரிசைத் தலைகளுக்கு மேலாக நாம் எக்கிப் பார்க்கிறோமே, அதற்கும் ஆங்கிலத்தில் கிரேன்தான் வினைச்சொல். ‘கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தான்’ என்று எழுதியிருந்தால் மதிப்பெண் கிடைத்திருக்கும்.

பிறகு பக்கத்து மொழிகளில் கேளுங்கள். எனக்குப் பிடித்த வேலை இது. கிரேக்கர்கள் பறவை, பாரந்தூக்கி இரண்டையும் கெரனோஸ் என்றார்கள். ஜெரேனியம் செடியின் காய் அந்தப் பறவையின் அலகு போல இருப்பதால் அந்தப் பெயர். நாய்க்குட்டி விற்பவர் ‘பெடிகிரி உண்டு’ என்கிறாரே, அது பழைய பிரெஞ்சில் ‘கொக்கின் கால்’. வம்சாவளிப் படத்தில் தகப்பனிடமிருந்து பிள்ளைகளுக்குப் பிரியும் கோடுகள் பறவையின் பாதம் போலத் தெரிந்ததால் வந்தது.

இந்த இடத்தில் ஆசை மிஞ்சும். ‘கொக்கியும் கொக்கிலிருந்துதானே வந்தது, தாத்தா?’ என்றாள். ஒலி ஒத்துப்போனால் மட்டும் உறவாகாது. சொற்பிறப்பு அகராதியைப் பார்க்காமல் சம்பந்தம் பேசக் கூடாது.

1881 புயல் நம் துறைமுகத்தைச் சிதைத்தபோது ‘டைட்டன்’ எனப்பட்ட இரண்டு பெரிய கிரேன்களைக் கடல் விழுங்கிய கதையையும் சொன்னேன். ‘கைக்கடிகாரப் பெயராயிற்றே’ என்று அகராதியை மறுபடி இழுத்துக்கொண்டாள்.