கடலை மட்டும் பார்த்தால் போதுமா? திருகோணமலைக் கடைக்காரர் விடும் பிழைகள்

திருகோணமலையில் அனர்த்தம் என்றாலே கடல்தான் நினைவுக்கு வரும். 2004 சுனாமியைக் கண்ட ஊர், வேறெப்படி நினைக்கும்? ஆனால் கடை நடத்துபவர் கடலை மட்டும் பார்த்திருப்பதுதான் முதல் பிழை. மகாவலி ஆறு நம் பக்கத்துக் கொட்டியாரக் குடாவில்தான் விழுகிறது. மலைநாட்டில் கொட்டும் மழை, இங்கே வெயில் எறித்தாலும், மூதூர், வெருகல் பக்கம் வெள்ளமாக வந்து சேரும். தம்புள்ளையிலிருந்து சாமான் வருவதும் ஹபரணை, கந்தளாய் வழியாகத்தான். 2025 நவம்பரில் டித்வா புயலின்போது நாடெங்கும் பாதைகளும் பாலங்களும் உடைந்ததைப் பார்த்தோமே.

அடுத்தது, 2020 டிசம்பரில் புரெவி புயல் பக்கத்தில் கரை கடந்தும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை என்ற அசட்டை. இன்னொன்று, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைத்தால் ஆள் வரும் என்ற நம்பிக்கை. வருவார்கள்தான், ஆனால் முதலில் உயிர்களைப் பார்ப்பார்கள், உங்கள் சீனி மூடையை அல்ல. மூன்று நாளாவது கடை தன் காலில் நிற்க வேண்டும்.

எங்கள் கடையில் ஒரு மாரிக்கு முழங்காலளவு தண்ணீர் வந்தது. அரிசி மூடைகளை மேசைமேல் ஏற்றிவிட்டோம். கடன் கொப்பி அடி லாச்சிக்குள் கிடந்ததை யாரும் நினைக்கவில்லை. அப்புறம் தாள் தாளாகப் பிரித்து ஃபேனுக்குக் கீழே காயவைத்தால், பெயர்கள் பாதி தெரிகின்றன, தொகை இருந்த இடமெல்லாம் நீலக் கறை. வாங்கியவர்களே வந்து சொன்னதால் கொஞ்சம் மீண்டது. எல்லோரும் வரவில்லை. இப்போது கடை பூட்டுமுன் அன்றைய பக்கத்தைப் படமெடுத்து, கொழும்பிலுள்ள மருமகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறேன். என் போனும் நனையலாம்தானே.

ஜெனரேட்டரைப் பின்னறையில் தரையில் வைப்பது இரட்டைப் பிழை. வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவது அதுதான். மூழ்காவிட்டாலும், மூடிய அறையில் ஓடும் எஞ்சின் கக்கும் கார்பன் மோனொக்சைட்டுக்கு மணமே இல்லை, ஆளைக் கொன்றுவிடும். வெளியே, உயரமாக வையுங்கள். மாதம் ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள். கரண்ட் போனால் காட் மெஷினும் வேலை செய்யாது, சில்லறைக் காசு கையில் இருக்கட்டும்.

காப்புறுதி இருக்கிறது என்பவர்கள் பத்திரத்தை ஒருமுறை எடுத்து வாசியுங்கள். தீக்கு எடுத்த காப்புறுதியில் வெள்ளமும் சூறாவளியும் தானாகச் சேர்ந்துவிடாது. "எல்லாம் இருக்கு ஐயா" என்று முகவர் வாயால் சொன்னது செல்லாது, எழுத்தில் இருக்க வேண்டும்.

மூடை அடுக்கும் பலகையைப் புரட்டாதியிலேயே வாங்கிவிடுங்கள். மழை பிடித்தபின் மரக்காலைக்குப் போனால் அங்கே ஊரே நிற்கும்.