தைராய்டு மாத்திரையும் காலைக் காப்பியும்: வீட்டு மருந்துகளுக்கு நேரம் குறிக்கும் முறை

ஏற்காட்டில் இருக்கும் அம்மா தைராய்டு மாத்திரையை ஒருநாளும் விட்டதில்லை. ஆனாலும் ரத்தத்தில் டி.எஸ்.எச். (தைராய்டு ஹார்மோன் குறைந்தால் ஏறும் ஹார்மோன்) அளவு இறங்கவில்லை. டோஸைக் கூட்டும் முன் சேலத்து மருத்துவர், "காலையில் இதோடு வேறென்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டார். அதற்கு விடை தேடியபோது உருவானதுதான் இந்த முறை.

முதலில், வீட்டிலுள்ள மருந்துகள் அனைத்தையும் ஒரு முறத்தில் கொட்டுங்கள். சத்து மாத்திரை, நெஞ்செரிச்சல் மருந்து, செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய அமுக்கராச் (அஸ்வகந்தா) சூரணம் எதையும் விடாதீர்கள். அமுக்கரா தைராய்டு ஹார்மோனைக் கூட்டக்கூடும்; மருத்துவருக்கு அது தெரிந்தே ஆக வேண்டும்.

அடுத்து, பட்டியல். பிராண்டுக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரை எழுதுங்கள். இருவேறு பிராண்டுகளில் ஒரே ரத்த அழுத்த மருந்தான அம்லோடிபின் இருந்தால் இப்போதே பிடிபடும். கடையில் அட்டையை வெட்டித் தந்தால், பெயரும் காலாவதித் தேதியும் உள்ள துண்டைக் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது, நேரம். எங்களை அலைக்கழித்தது இதுதான். தைராய்டு மாத்திரையான லெவோதைராக்சினை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில், காலை உணவுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு விழுங்க வேண்டும். அம்மா காப்பியோடு விழுங்கி வந்தார். சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே வாழ்பவருக்கு அது இயல்புதான். ஆனால் மருந்து உடலில் சேர்வதைக் காப்பி குறைத்துவிடும். அதைவிடக் கெடுதல், பலகாரம் முடிந்ததும் போட்ட கால்சியம். கால்சியமும் இரும்பும் இந்த மருந்தைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். 4 மணி நேர இடைவெளி கட்டாயம். மல்டிவைட்டமின் டப்பாவையும் திருப்பிப் படியுங்கள், பலவற்றில் இவை இரண்டும் உண்டு.

இப்போது அம்மாவுக்கு 5:30 மணிக்கு மாத்திரை, தலைமாட்டில் ஒரு சொம்புத் தண்ணீர். 6:30 மணிக்குக் காப்பி. மதியச் சாப்பாட்டோடு கால்சியம். இரும்பு மாத்திரை இரவில். அதையொட்டி டீயும் காப்பியும் கிடையாது. காப்பியைத் தள்ளிப்போட முடியாதவர்கள், தைராய்டு மாத்திரையை இரவு உணவுக்கு 3 மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

நினைவூட்ட, செல்பேசிச் செயலியைவிடச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரே மேல் என்பேன். போட்டதும் பேனாவால் ஒரு கோடு. வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும். வாரப் பெட்டி மற்ற மாத்திரைகளுக்குச் சரி. தைராய்டு மாத்திரை ஈரம் தாங்காது, ஏற்காட்டு மழைக்காலத்தில் அது தன் புட்டியிலேயே இருக்கட்டும்.

நேரத்தை மாற்றியதை மருத்துவரிடம் சொல்லி, 6 முதல் 8 வாரம் கழித்து மறுபரிசோதனை செய்யுங்கள். அம்மாவுக்கு டோஸைக் கூட்டாமலே அளவு இறங்கியது. நீங்களாக டோஸை மாற்றாதீர்கள்.

பின்சேர்க்கை: முடி உதிர்வுக்குப் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடலாமா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். பயோட்டின் தைராய்டு பரிசோதனை முடிவையே தவறாகக் காட்டக்கூடும். ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது 2 நாள் முன்பே அதை நிறுத்திவிட்டு, ஆய்வகத்திலும் சொல்லுங்கள்.